கஸ்டம்ஸ் சம்மன் வந்தால் வாயை மூடிக்கொள்ளலாமா? 108-ஆம் பிரிவில் எது கவசம், எது வெறும் நம்பிக்கை

கேள்வி சுருக்கமாக இதுதான். தண்டையார்பேட்டையில் வீடு, தம்பு செட்டி தெருவில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் (இம்போர்ட்டர்களுக்காகச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவர்) அலுவலகத்தில் ஜி கார்டு (புரோக்கரின் ஊழியருக்குச் சுங்கத் துறை தரும் அடையாள அட்டை) ஊழியர். சீனாவிலிருந்து வந்த எல்இடி உதிரிபாகங்களுக்கு இம்போர்ட்டர் வாட்ஸ்அப்பில் இரண்டு இன்வாய்ஸ் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் பீஸுக்கு 1.10 டாலர், இன்னொன்றில் 2.60. குறைந்த விலைக்கே பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான சுங்க அறிவிப்பு, போடப்பட்டது. கன்டெய்னர் இப்போது மணலிப் பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ஸில் (கன்டெய்னர் சரக்கு நிலையம்) நிற்கிறது. ஊழியர் கையில் கஸ்டம்ஸ் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சம்மன். "நீ எதுவும் சொல்லத் தேவையில்ல, அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்லுது" என்கிறார் முதலாளி. போனில் பேசிய அதிகாரி, "இருக்கிறத சொல்லிடுங்க தம்பி, உங்கள சாட்சியா மட்டும் வச்சுக்கிறோம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டையும் கேட்க வேண்டாம். முதலாளி சொல்லும் மௌன உரிமை இந்தக் கட்டத்தில் உங்களுக்கு இல்லை. அதிகாரி கொடுக்கும் வாக்குறுதியைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கு உண்மையில் இருக்கிற பாதுகாப்புகள் வேறு. அவை சிறியவை, கேட்டால்தான் கிடைப்பவை, எழுத்தில் ஏறினால்தான் பின்னால் உதவுபவை.

மௌனத்தை முதலில் முடித்துவிடலாம். அரசியல் சாசனத்தின் 20(3) குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. முடிச்சு "குற்றம் சாட்டப்பட்டவர்" என்ற சொல்லில் இருக்கிறது. கஸ்டம்ஸ் விசாரணையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கட்டத்தில் இன்னும் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகவில்லை, கஸ்டம்ஸ் அதிகாரி போலீஸ் அதிகாரியும் அல்ல என்று 1968-இல் ரமேஷ் சந்திர மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அதே ஆண்டு "இல்லியாஸ் எதிர் கலெக்டர் ஆஃப் கஸ்டம்ஸ், மெட்ராஸ்" வழக்கிலும், அதாவது நம் ராஜாஜி சாலை அலுவலகமே ஒரு தரப்பாக நின்ற வழக்கிலும், அதே நிலைதான் எடுக்கப்பட்டது. விளைவு இது: போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் வழக்கில் செல்லாது, கஸ்டம்ஸ் அதிகாரியிடம் கொடுப்பது செல்லும். உங்கள் மேல் எழும்பூர் நீதிமன்றத்தில் புகார் மனு தாக்கலான பிறகுதான் 20(3) முழுசாக உங்கள் பக்கம் வரும்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. 2020 அக்டோபர் 29-இல் வந்த தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பைக் காட்டி, "அதிகாரிகிட்ட சொன்னது இனிமே செல்லாதாமே" என்பார்கள். அந்தத் தீர்ப்பு போதைப்பொருள் சட்டத்தின் 67-ஆம் பிரிவு பற்றியது. கஸ்டம்ஸ் சட்டத்தின் 108 அப்படியே நிற்கிறது.

அந்த 108 என்ன சொல்கிறது? சம்மன் வந்தவர் போயே ஆக வேண்டும், கேட்கப்படும் விஷயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்ட ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். அந்த விசாரணை பொய்ச் சாட்சியம், விசாரிப்பவரை அவமதிப்பது அல்லது இடையூறு செய்வது ஆகியவற்றுக்கான தண்டனைப் பிரிவுகளுக்கு மட்டும் நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும். பொய் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பிஎன்எஸ், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 229-இல் 7 ஆண்டு வரை சிறை. பதில் சொல்ல மறுத்தால், ஆவணம் தர மறுத்தால் தனித்தனிப் பிரிவுகள். அதற்கும் மேல் கஸ்டம்ஸ் சட்டம் 117-இல் 4 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆக முதலாளி சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம்.

ஆவணங்களுக்கு 20(3) இன்னும் குறைவாகத்தான் உதவும். 1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது தனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்றது. ஏற்கெனவே இருக்கிற இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், செக்லிஸ்ட் (பில் ஆஃப் என்ட்ரியின் முன்வரைவு), மெயில் எல்லாம் கம்பெனிக் காகிதங்கள். அவற்றை மறைக்கச் சட்டத்தில் இடம் தேடாதீர்கள். வாட்ஸ்அப்பை அழிக்கவே அழிக்காதீர்கள். சாட்சியத்தை ஒழிப்பது பிஎன்எஸ் 241-இல் தனிக் குற்றம். இம்போர்ட்டர் போனில் அதே செய்தி இருக்கும்போது உங்கள் போனில் மட்டும் அது இல்லாமல் போனால், இரண்டாவது இன்வாய்ஸைவிட அந்த வெற்றிடமே பெரிய ஆதாரமாகிவிடும்.

இனி சம்மன் தாளைக் கையில் எடுங்கள். மேலே டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். 2019 நவம்பரிலிருந்து மத்திய மறைமுக வரிகள் வாரியம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, வாரியத்தின் இணையதளத்திலேயே அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். கஸ்டம்ஸ் பெயரில் வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நடமாடும் காலத்தில் இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள். அடுத்து, கையெழுத்துப் போட்டவர் கெஜட்டட் அதிகாரியா என்று பாருங்கள். சூப்பரின்டென்டன்ட், அப்ரைசர், டிஆர்ஐ (வருவாய்ப் புலனாய்வு இயக்ககம்) என்றால் சீனியர் இன்டெலிஜென்ஸ் ஆஃபீசர், அதற்கு மேல் உள்ளவர்கள். இன்ஸ்பெக்டரோ பிரிவென்டிவ் ஆஃபீசரோ தன் பெயரில் 108 சம்மன் கொடுக்க முடியாது. நேரில் வரச் சொல்கிறார்களா, அதிகாரம் பெற்ற பிரதிநிதியை அனுப்பலாமா என்பதும் சம்மனில் இருக்கும். உங்கள் விஷயத்தில் நேரில்தான் கேட்பார்கள்.

அன்று போக முடியாவிட்டால் போகாமல் இருந்துவிடக் கூடாது. காரணத்தையும், உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்றையும், வரக்கூடிய இரண்டு தேதிகளையும் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மெயிலும் போடுங்கள். தம்பு செட்டி தெருவிலிருந்து கஸ்டம்ஸ் ஹவுஸ் நடை தூரம், ஆகவே "அலைய முடியல" என்ற சாக்கு எடுபடாது.

வக்கீலைக் கூட்டிப் போகலாமா? விசாரணையின்போது பக்கத்தில் வக்கீல் உட்கார உரிமை இல்லை என்று 1992-இல் பூல்பாண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2011-இல் டிஆர்ஐ எதிர் ஜுகல் கிஷோர் சம்ரா வழக்கில், அந்த வழக்கின் சூழ்நிலையைப் பார்த்து ஒரு நடுவழியை அனுமதித்தது: வக்கீல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கலாம், காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தானாகக் கிடைப்பதில்லை. இரண்டு நாள் முன்னதாக இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, பிரஷர், சர்க்கரை போன்ற காரணம் இருந்தால் அதையும் சேர்த்து, எழுதிக் கேளுங்கள். மறுத்தால் ரிட் மனு போடலாம், உயர் நீதிமன்றம் அதே பாரிமுனையில்தான் இருக்கிறது. கைதான பிறகு நிலைமை கொஞ்சம் மாறும். விசாரணைக்கு நடுவே, முழு நேரமும் இல்லாவிட்டாலும், தன் வக்கீலைச் சந்திக்கும் உரிமை கஸ்டம்ஸ் கைதுகளுக்கும் உண்டு என்று 2025 பிப்ரவரி 27-இல் ராதிகா அகர்வால் தீர்ப்பு உறுதி செய்தது.

அறைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. வாக்குமூலத் தாளின் முதல் பத்தி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, "108-ஆம் பிரிவு எனக்கு விளக்கப்பட்டது, பொய் சொன்னால் தண்டனை என்பதைப் புரிந்துகொண்டேன்". கடைசிப் பத்தியும் அச்சடித்த மாதிரி: "யாருடைய மிரட்டலும் வற்புறுத்தலும் ஆசை வார்த்தையும் இல்லாமல், சுயநினைவோடு, தானாக முன்வந்து". நடுவில் இருப்பதை வார்த்தை வார்த்தையாகப் படிக்கிறவர்கள் இந்த இரண்டு பத்திகளைக் கண்ணால் தடவிவிட்டுக் கடந்துவிடுவார்கள். பின்னால் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு முதலில் படித்துக் காட்டுவது அந்தக் கடைசிப் பத்தியைத்தான்.

தமிழில்தான் எழுதுவேன் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. சொந்தக் கையெழுத்தில் எழுதிய வாக்குமூலத்தைத் தானாகக் கொடுத்ததற்கு அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதாக இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். "கேள்வியும் பதிலுமாக டைப் செய்யுங்கள், நான் பதில் சொல்கிறேன்" என்று கேளுங்கள். கேள்வி-பதில் வடிவம்தான் உங்களுக்கு நல்லது. எந்த வார்த்தை அதிகாரியுடையது, எந்த வார்த்தை உங்களுடையது என்பது தாளிலேயே தெரியும். கதை வடிவத்தில் எழுதினால் "வேண்டுமென்றே", "தெரிந்தே", "வரி ஏய்க்கும் நோக்கத்தோடு" போன்ற சொற்கள் நீங்கள் சொன்னதாகவே உள்ளே நுழைந்துவிடும். ஜி கார்டு ஊழியர் யாரும் பேச்சுவாக்கில் "வரி ஏய்க்கும் நோக்கத்தோடு" என்று சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் டைப் செய்திருந்தால், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள்: "ஆங்கிலத்தில் உள்ள இந்த வாக்குமூலம் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது", படித்துக் காட்டவில்லை என்றால் "படித்துக் காட்டப்படவில்லை". ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, ஒவ்வொரு அடித்தலுக்கும் திருத்தத்துக்கும் பக்கத்தில் இனிஷியல், வெற்றிடத்தில் குறுக்குக் கோடு. தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாப்பிடப் போன நேரம் மூன்றும் தாளில் ஏற வேண்டும். காலை 11 மணிக்குப் போய் இரவு 10 மணிக்கு வந்ததைப் பின்னால் நிரூபிக்க வேண்டுமென்றால், வாசல் ரெஜிஸ்டரில் போட்ட கையெழுத்தும் போனின் லொகேஷன் பதிவும்தான் மிஞ்சும். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் டிஆர்ஐ உள்பட விசாரணை நடத்தும் மத்திய அமைப்புகளின் அலுவலகங்களில் சிசிடிவி வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தவறு நடந்ததாகத் தோன்றினால் மறுநாளே, அந்தத் தேதியின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் பதிவு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வாக்குமூலத்தின் நகலை உடனே கொடுப்பது வழக்கமில்லை, ஷோ காஸ் நோட்டீஸோடு (விளக்கம் கேட்டுத் துறை அனுப்பும் நோட்டீஸ்) சேர்த்துத்தான் வரும். அதனால் வெளியே வந்தவுடன், பீச் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாவது, கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள். தலைப்பில் "என் வழக்கறிஞருக்காக" என்று போடுங்கள். அது வெறும் சடங்கல்ல, காரணம் அடுத்து வருகிறது.

அந்த அறையில் நீங்கள் சட்டப்படி மறுக்கக்கூடிய முக்கியமான கேள்வி இதுதான்: "உங்க வக்கீல்கிட்ட என்ன பேசினீங்க?" பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (பிஎஸ்ஏ) 132 முதல் 134 வரையுள்ள பிரிவுகள், பழைய சாட்சியச் சட்டத்தின் 126 முதல் 129 வரை இருந்தவை, கட்சிக்காரரும் வழக்கறிஞரும் தொழில்முறையில் பேசியதைக் காக்கின்றன. 132 வக்கீலின் வாயைக் கட்டுகிறது, 134 உங்களைக் காக்கிறது. இந்த ரகசியம் வக்கீலுடையது அல்ல, உங்களுடையது. உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் அதைத் திறக்க முடியாது. 2025 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில், கட்சிக்காரரின் விவகாரத்தைத் தெரிந்துகொள்வதற்காக அவருடைய வக்கீலுக்கே விசாரணை அதிகாரி சம்மன் அனுப்புவதை, 132-இன் விதிவிலக்குகளில் வந்தால் ஒழிய, தடுத்தது.

ஆனால் இந்தக் குடை சின்னது. யாரெல்லாம் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆடிட்டர் வெளியே. அவருக்குத் தொழில் ஒழுக்க விதியில் ரகசியம் காக்கும் கடமை உண்டு, ஆனால் சட்டம் கேட்டால் அது நிற்காது. சம்பளத்துக்கு இருக்கும் கம்பெனி லீகல் மேனேஜர் கிட்டத்தட்ட வெளியே. 132-இன் பாதுகாப்பு அவருக்கு இல்லை, 134-இன் குறுகிய பாதுகாப்பு மட்டும்தான் என்று அதே 2025 தீர்ப்பு சொல்கிறது. கஸ்டம்ஸ் புரோக்கர் முழுக்க வெளியே. இதை எங்கள் பக்கத்து மூர் தெரு, லிங்கி செட்டி தெரு ஆபீஸ்களில் பலர் நம்பவே மாட்டார்கள்: "கிளையன்ட் ரகசியம் சார்" என்பார்கள். 2018 கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்சிங் ஒழுங்குமுறையின் 10-ஆம் விதி நேர் எதிரானது. கிளையன்ட் சட்டத்தை மீறினால் புரோக்கர் அதை டெபுடி கமிஷனர் அல்லது அசிஸ்டென்ட் கமிஷனர் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதி எண்), ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), கிளையன்ட் முகவரி எல்லாம் சரிபார்க்க வேண்டும். பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். விசாரணைக்கு உடனே ஒத்துழைக்க வேண்டும். மறைத்தால் லைசென்ஸே போகலாம், 50,000 ரூபாய் வரை அபராதமும் வரலாம். புரோக்கருக்கு ரகசிய உரிமை இல்லை, தகவல் சொல்லும் கடமை இருக்கிறது. அவருடைய ஊழியரான உங்களுக்கும் அப்படித்தான்.

குடைக்குள் இருப்பவர்களுக்கும் எல்லை உண்டு. ஏற்கெனவே இருக்கும் இன்வாய்ஸை வக்கீலிடம் கொடுத்துவைத்தால் அது ரகசிய ஆவணம் ஆகிவிடாது. அதைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த அபிப்பிராயம் ரகசியம், அந்தக் காகிதம் அல்ல. சட்டவிரோத நோக்கத்துக்காகக் கேட்ட ஆலோசனைக்கும் பாதுகாப்பு இல்லை. "நடந்ததற்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் ரகசியம். "பழைய தேதி போட்டு ஒரு விலை ஒப்பந்தம் தயார் பண்ணலாமா?" என்று கேட்டால் அது குடைக்கு வெளியே. இன்னொன்று, நடைமுறையில் எல்லோரும் கெடுத்துக்கொள்வது: முதலாளி, இம்போர்ட்டர், ஆடிட்டர், வக்கீல், நீங்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் பேசுவது. நாலு பேர் படிக்கும் இடத்தில் ரகசியம் என்று எதைச் சொல்வது? வக்கீலோடு தனியாகப் பேசுங்கள், தனியாக எழுதுங்கள்.

அந்த வக்கீல் யாருடைய வக்கீல் என்பதையும் பாருங்கள். முதலாளி வைத்துப் பணம் கொடுக்கும் வக்கீலின் கட்சிக்காரர் முதலாளி. நீங்கள் அவரிடம் மனம்விட்டுச் சொன்னதைக் கம்பெனியின் நன்மைக்காக அவர் பயன்படுத்தினால் உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் நலனும் அவர் நலனும் இரண்டாவது இன்வாய்ஸ் விஷயத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன. உங்கள் பெயரில் தனி வக்காலத்து வேண்டும். செலவு கட்டுப்படியாகாவிட்டால் உயர் நீதிமன்றத்தை ஒட்டியே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் வருமானம் பார்க்காமல் 1987 சட்டத்தின் கீழ் இலவச வக்கீல் பெறலாம், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

மறுக்கும்போது மொத்தமாக மறுக்காதீர்கள். "இந்தக் கேள்வி எனக்கும் என் வழக்கறிஞருக்கும் இடையே நடந்த பேச்சு பற்றியது. பிஎஸ்ஏ 134-இன்படி இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை, மற்றதைக் கேளுங்கள்" என்று சொல்லி, கேள்வியும் இந்தப் பதிலும் தாளில் ஏறியதா என்று பாருங்கள். போனை எடுத்துக்கொண்டால் மகஜரில் (கைப்பற்றியதைப் பதியும் தாள்) மாடல், ஐஎம்இஐ எண், நகல் எடுத்தால் அதன் ஹாஷ் வேல்யூ (நகல் பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு), "வழக்கறிஞரோடு நடந்த உரையாடலும் இதில் இருக்கிறது" என்ற வரி எல்லாம் எழுதச் சொல்லுங்கள். கைப்பற்றிய ஆவணங்களுக்கு கஸ்டம்ஸ் சட்டம் 110(4)-இன்படி அதிகாரி முன்னிலையில் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இனி "சாட்சியா மட்டும் வச்சுக்கிறோம்" என்பதற்கு வருவோம். விலக்கு தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று சட்டத்தைத் தேடிப் பார்த்தால், விசாரணை அதிகாரி பெயர் எங்கேயும் வராது.

மன்னிப்பு கொடுத்து அப்ரூவர் (அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும் உடந்தையாளர்) ஆக்குவது பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 343-இன் கீழ் மாஜிஸ்திரேட்டின் வேலை. 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு அது பொருந்தும், கஸ்டம்ஸ் சட்டத்தின் 135-இல் பெரிய தொகை வழக்குகள் அந்த வரம்புக்குள் வரும். விலை, முழு உண்மையையும் சொல்வது. ஏற்கெனவே ஜாமீனில் இல்லை என்றால் வழக்கு முடியும் வரை காவலில் இருக்க வேண்டிவரும். எதையாவது மறைத்தால் மன்னிப்பு போய், அதே குற்றத்துக்கு விசாரணை வரும்.

இரண்டாவது வழி, செட்டில்மென்ட் கமிஷன். கஸ்டம்ஸ் சட்டம் 127எச்-இன் கீழ் அபராதத்திலிருந்தும் வழக்கிலிருந்தும் விலக்கு கொடுக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் புது மனு வாங்குவது நின்றுவிட்டது, நிலுவையில் இருப்பதை இடைக்கால வாரியம் முடிக்கிறது. இன்னமும் "செட்டில்மென்ட்ல போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் அவர் பழைய புத்தகத்தைப் படிக்கிறார்.

மூன்றாவது, கஸ்டம்ஸ் சட்டம் 137(3)-இன் கீழ் காம்பவுண்டிங். சீஃப் கமிஷனர் மட்டத்தில், தொகை கட்டி, முழு உண்மை வெளிப்படுத்தி, வழக்கிலிருந்து விலக்கு வாங்கலாம். இன்றைக்கு நிஜமாகத் திறந்திருக்கும் கதவு இதுதான். நிபந்தனையை மீறினாலோ பொய் ஆதாரம் கொடுத்தாலோ கொடுத்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இம்போர்ட்டர் இன்னொன்று சொல்வார்: "கஸ்டம்ஸ் சட்டம் 28-இல் வரியும் வட்டியும் 15 சதவீத அபராதமும் 30 நாளில் கட்டினா எல்லாம் முடிஞ்சுது." நோட்டீஸ் நடவடிக்கை முடியும், அது உண்மை. ஆனால் 135-இன் வழக்கு அதனால் தடைபடாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. அவர் கட்டிய பணம் உங்களுக்குக் கவசம் என்று நினைப்பது அதைவிட மோசம்.

நிஜமாகவே உங்களை வழக்கில் சேர்க்காமல், நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்றினால் அங்கே ஒரு நல்ல பாதுகாப்பு கிடைக்கும். பிஎஸ்ஏ 137-இன்படி, உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கும் பதிலையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அப்படிக் கட்டாயத்தில் சொன்னதை வைத்து உங்கள் மேல் வழக்குப் போட முடியாது, பொய்ச் சாட்சியத்துக்கு மட்டும் விதிவிலக்கு. 1968-இல் லட்சுமிபத் சோராரியா என்ற தங்கக் கடத்தல் வழக்கில், குற்றத்தில் பங்கு இருந்தும் வழக்கில் சேர்க்கப்படாத ஒருவரின் சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது இந்தப் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டித்தான். கவனியுங்கள்: இது சாட்சிக் கூண்டில் நிற்கும்போது கிடைப்பது. கஸ்டம்ஸ் ஹவுஸ் அறையில் இதை நம்பிப் பேசக் கூடாது.

அதிகாரியின் வாக்குறுதிக்கு வேறொரு பயன் உண்டு. ஆசை காட்டியோ மிரட்டியோ வாங்கிய ஒப்புதல் பிஎஸ்ஏ 22-இன்படி செல்லாது. கஸ்டம்ஸ் அதிகாரியும் அந்தப் பிரிவு சொல்லும் "அதிகாரத்தில் உள்ளவர்" என்று 1971-இல் பெர்சி ருஸ்தம்ஜி பஸ்தா வழக்கில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பொய் சொன்னால் தண்டனை என்று சட்டப்படி எச்சரித்தது மட்டும் மிரட்டல் ஆகாது என்பதும் அதே தீர்ப்புதான். ஆகவே "சாட்சியா வச்சுக்கிறோம்" என்று யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த நம்பரிலிருந்து சொன்னார் என்பதை இன்றைக்கே குறித்துவையுங்கள்.

வாக்குமூலத்தை மறுப்பதற்கும் நேரம் காலம் உண்டு. கைதானால், மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் முதல் தடவையே வாய்விட்டுச் சொல்லுங்கள், ரிமாண்ட் உத்தரவில் அது ஏறட்டும். கைது இல்லையென்றால் ஓரிரு நாளுக்குள் அதிகாரிக்கும் கமிஷனருக்கும் பதிவுத் தபாலிலும் மெயிலிலும். "வாக்குமூலம் முழுவதும் தவறு" என்ற ஒரு வரி மறுப்பு குப்பைக்குப் போகும். எந்தக் கேள்வியின் பதில் தவறு, உண்மையில் என்ன சொன்னீர்கள், எப்படி வற்புறுத்தினார்கள் என்று இடம் காட்டி எழுத வேண்டும். மறுத்துவிட்டாலே வாக்குமூலம் செத்துவிடாது. 1997-இல் கே.ஐ. பவுன்னி வழக்கில், தானாகக் கொடுத்ததுதான் என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் மறுக்கப்பட்ட ஒப்புதலையும் வைத்துத் தண்டிக்கலாம், எச்சரிக்கைக்காக வேறு ஆதாரத்தையும் தேடும் என்றார்கள். 2008-இல் வினோத் சோலங்கி வழக்கில், தானாகக் கொடுத்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு துறையின் தலையில் என்றார்கள். ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் பதிலில் முதன்முதலாக மறுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதேபோல, இம்போர்ட்டர் தன் வாக்குமூலத்தில் "எல்லாம் அந்தப் பையன்தான் பண்ணான்" என்று எழுதியிருந்தால், நோட்டீஸுக்குப் பதில் போடும்போதே அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கஸ்டம்ஸ் சட்டம் 138பி-இன்படி, சொன்னவர் இறந்துபோனது, கண்டுபிடிக்க முடியாதது போன்ற சூழ்நிலைகள் தவிர, அவரைச் சாட்சியாக விசாரித்த பிறகுதான் அந்த வாக்குமூலத்தை ஆதாரமாக ஏற்க வேண்டும். 2015-இல் ஆண்டமான் டிம்பர் வழக்கில், குறுக்கு விசாரணையை மறுத்தது உத்தரவையே செல்லாததாக்கும் குறை என்றது உச்ச நீதிமன்றம். கேட்காமல் விட்டால் இந்த உரிமை தானாக வராது.

அதிகாரிகளுக்கு இருக்கும் பாதுகாப்பையும் தெரிந்துகொள்ளுங்கள், கோபத்தில் அவர்மேல் கேஸ் போடுவேன் என்று கிளம்புகிறவர்களுக்காக. கஸ்டம்ஸ் சட்டத்தின் 155-ஆம் பிரிவு நல்லெண்ணத்தில் செய்த காரியத்துக்கு அவர்மேல் வழக்கு வராமல் காக்கிறது. சிவில் வழக்கு அல்லாத நடவடிக்கை என்றால் ஒரு மாத முன் நோட்டீஸும், மூன்று மாத வரம்பும் உண்டு. காரணமில்லாமல் சோதனை, கைது, அலுவலில் அறிந்த தகவலை வெளியே விடுவது எல்லாம் 136-இல் 6 மாதம் வரை தண்டனைக்குரிய குற்றங்கள், ஆனால் மேலிட அனுமதி இல்லாமல் நீதிமன்றம் கையில் எடுக்காது. தகவல் கொடுத்தது யார் என்று கேட்டும் பயனில்லை: வரி வருவாய்க் குற்றத்தில் தகவல் வந்த வழியைச் சொல்லும்படி வருவாய் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது, பிஎஸ்ஏ 131. ஆபீஸில் போட்டுக்கொடுத்தது யார் என்று துருவிக்கொண்டிருக்கும் முதலாளிக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக அந்த இரண்டு இன்வாய்ஸ். கேள்வி நிச்சயம் வரும், போனில் செய்தியும் இருக்கிறது. அதற்கு "ஞாபகம் இல்ல" என்று சொன்னால் 229-க்கு நீங்களே வழி காட்டுகிறீர்கள். உண்மையை மூன்று துண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது: "இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, இந்த நம்பரிலிருந்து இரண்டு பிடிஎஃப் வந்தன." யார் சொல்லி என்ன செய்தீர்கள்: "எதை வைத்து ஃபைல் பண்ணுவது என்று இவரைக் கேட்டேன், இவர் இதைச் சொன்னார், செக்லிஸ்டை அனுப்பி ஓகே வாங்கினேன்." செக்லிஸ்டுக்கு ஓகே வந்த மெயில் இருந்தால் பிரிண்ட் எடுத்துப் போங்கள், கஸ்டம்ஸ் சட்டத்தின் அபராதப் பிரிவுகளான 112-க்கும் 114ஏஏ-க்கும் எதிராக உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய காகிதம் அதுதான். மூன்றாவது, உங்களுக்குத் தெரியாதது: "எந்த விலை உண்மையானது, மீதிப் பணம் போனதா, எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியாது." நிஜமாகவே தெரியாது என்றால் மட்டும். "உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டால், அது அபிப்பிராயம் கேட்கும் கேள்வி என்று குறிப்பிட்டு, பார்த்ததையே திரும்பச் சொல்லுங்கள். "சந்தேகமா இருந்துச்சு சார்" என்ற மூன்று வார்த்தை தாளில் ஏறினால், நோட்டீஸில் அது "தெரிந்தே உடந்தையாக இருந்தார்" என்று மாறி வரும்.